கேப்டன் டோரன் சொல்லாத வசனம்

குயிரினோ மாஸ்திராஞ்செலி தன் எழுபத்தொரு வருட வாழ்க்கையில் மதித்தது ஒன்றே ஒன்றைத்தான்: தன் தொண்டையை. குளிர்காலத்தில் அதைச் சுற்றிக் கம்பளித் துணி, கோடையில் பட்டுத் துணி. ஆகஸ்ட் வெயிலில் ரோம் நகரமே ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு திரியும்போது இவர் வெதுவெதுப்பான தண்ணீரில் அதிமதுரம் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பார். மற்றபடி உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்கு இளப்பம். சினிமா இளப்பம். அதைப் பார்க்க வரிசையில் நிற்கிறவர்கள் அதைவிட இளப்பம். அமெரிக்க நடிகர்கள் எல்லாரும் "முகத்தை வாடகைக்கு விடுறவனுங்க." அந்த முகங்களில் ஒன்றுக்கு முப்பத்திரண்டு வருடம் குரல் கொடுத்துத்தான் அவர் சாப்பிட்டார், வீடு வாங்கினார், இரண்டு முறை கல்யாணம் செய்து இரண்டு முறையும் தனியானார். இதை யாராவது நினைவூட்டினால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்த முகம் வெஸ்லி கிரேடனுடையது. படத்தின் பெயர் 'சனிவளையம்'. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்து ஒன்பது வரை வந்துவிட்டது. விண்கப்பல், வெடி, புகை, நடுவில் கேப்டன் டோரன். அமெரிக்காவில் டோரன் என்றால் கிரேடன். இத்தாலியில் டோரன் என்றால் குயிரினோ. இங்கே ஒரு நடிகனுக்கு ஒரு குரல் அமைந்துவிட்டால் அது அவனுக்குத் தாலி கட்டின மாதிரி, கடைசிவரை மாறாது. நடிகன் சொந்தக் குரலில் எப்படிப் பேசுவான் என்று யாரும் யோசித்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

குயிரினோவின் அப்பாவுக்கு ரோமின் தெஸ்தாச்சோ சந்தையில் கறிக்கடை. பத்து வயதில் குயிரினோ கடை வாசலில் நின்று "ஆட்டு ஈரல் வந்திருக்கு" என்று சொன்னால், சந்தையின் மறு கோடியில் இருப்பவர்கள் ஏதோ தேவாலயப் பூசைக்கு அழைக்கிறார்கள் என்று தொப்பியைக் கழற்றுவார்களாம். இதைச் சொன்னதும் அவர்தான். எவ்வளவு நம்பலாம் என்பது போகப் போகத் தெரியும்.

இருபது வயதில் நாடகத்துக்குப் போனார். ராஜா வேடம் கொடுத்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அவர் பேசிய முதல் வரிக்கு அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டது. அப்புறம் ராஜா வெளியே வந்தார்: ஐந்தடி இரண்டங்குலம், முன்னால் ஒரு தொப்பை, அதற்கு மேல் கிரீடம். அரங்கம் அடக்கிய மூச்சையெல்லாம் சிரிப்பாக விட்டது. "நீ உள்ளேயே நின்னு பேசினா ஊரே அழுவுது. வெளியே வந்தா சிரிக்குது. நான் என்னப்பா செய்யட்டும்?" என்றார் நாடக முதலாளி. அன்றைக்கு விழுந்த அடியில்தான் ரசிகன் என்ற பிராணியின் மேல் குயிரினோவுக்கு வெறுப்பு வந்தது. டப்பிங் ஸ்டுடியோவின் இருட்டறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. போலீஸ்காரன், சாகிறவன், ஒரு முறை குதிரை என்று பத்தொன்பது வருடம் ஓட்டினார். முப்பத்தொன்பதாவது வயதில் டோரன் கிடைத்தது.

இனி அந்த வசனம்.

முதல் 'சனிவளைய'த்தின் முடிவில் கப்பல் எரிகிறது. பதினாறு வயது வயர்லெஸ் பையன் ஒருவன் கதவோரம் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். டோரன் அவனை ஒரு பார்வை பார்க்கிறார், நமக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார், புகைக்குள் நடக்கிறார். மூலத்தில் அவர் எதுவும் பேசவில்லை. "ம்ஹ்" என்று ஒரு முனகல், அவ்வளவுதான். ஆனால் பையன் உடனே பின்னால் ஓடுகிறான்.

"முனகலுக்கெல்லாம் எவனாவது நெருப்புக்குள்ள ஓடுவானா?" என்றார் டப்பிங் இயக்குநர். "வாய் தெரியலை. ரெண்டு செகண்ட் சும்மா கிடக்கு. எதையாவது போட்டு நிரப்புங்கப்பா."

மதியம் ஒன்றரை மணி. கீழே இருந்த சாப்பாட்டுக் கடையிலிருந்து மாட்டுக்குடல் குழம்பின் வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. குயிரினோ மைக்கின் முன்னால் நின்று "வா!" என்றார். "சீக்கிரம்!" என்றார். "நான் இருக்கேன்!" என்றார். ஒன்றும் ஒட்டவில்லை. பசி வேறு.

அறையின் மூலையில் ஒரு மேசை. அங்கே நெரினா பச்சிஃபிச்சி உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம், ஒரு பென்சில். திரையில் அசையும் வாயும் இங்கே பேசுகிற சொல்லும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. சொல் நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்று கருத்துச் சொல்ல அவளுக்குச் சம்பளம் கிடையாது. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"'பயந்துக்கிட்டே வா'ன்னு சொல்லிப் பாரேன். ரெண்டு செகண்டுக்குள்ள அடங்கிடும்."

குயிரினோ சொன்னார். ஒரே தடவை. இயக்குநர் கையைத் தூக்கினார். எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

அந்த இரண்டு வார்த்தைகள் இத்தாலியை என்ன பாடு படுத்தின என்று கேட்காதீர்கள். முதல் படம் ரோமின் பிராத்திப் பகுதியில் இருந்த பெரிய தியேட்டரில் ஏழு மாதம் ஓடியது. வரிசையை ஒழுங்குபடுத்தப் போலீஸ் வந்தது. கால்பந்து மைதானத்தில் பதாகையில் எழுதினார்கள். முதுகில் பச்சை குத்திக்கொண்டார்கள். மணப்பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை சொன்னான்; பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார்; ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குயிரினோவிடமே சொன்னாள். மீன்கடைக்காரர் அவரைச் சும்மா விட்டதே இல்லை. "ஒரு தடவை, மேஸ்ட்ரோ, ஒரே ஒரு தடவை!" இவர் சலித்துக்கொள்வார், கண்ணை உருட்டுவார், பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு சொல்வார். கணவாய் மீன் கொஞ்சம் கூடவே பொட்டலத்துக்குள் விழும். வீட்டுக்கு வந்து, "முட்டாப் பயலுங்க" என்றபடி அதை வறுத்துத் தின்பார்.

பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது முதல் வருடம், "ஸ்டுடியோவில் எல்லாருமாகச் சேர்ந்து கண்டுபிடித்தோம்" என்றார். இரண்டாம் வருடம், "எனக்குத் திடீரென்று தோன்றியது." ஐந்தாம் வருடம் அந்தக் கதைக்குள் மழை பெய்யத் தொடங்கியது. எட்டாம் வருடம் அது அவருடைய அப்பா சாகும்போது மகனின் கையைப் பிடித்துச் சொன்ன கடைசி வார்த்தை ஆகிவிட்டது. அப்பா செத்தது கோழி எலும்பு தொண்டையில் சிக்கி. கடைசி வார்த்தை எதையும் சொல்கிற நிலையில் அவர் இல்லை.

ஒன்பதாம் வருடம் ரசிகர்கள் விருது கொடுத்தார்கள். குயிரினோ மேடையில் அப்பாவை மறுபடி ஒரு முறை சாகடித்தார். நானூறு பேர் அழுதார்கள். மூன்றாவது வரிசையில் நெரினா உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

மறுநாள் ஸ்டுடியோ நடைபாதையில், காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில், "குயிரினோ, அந்த வரி…" என்று ஆரம்பித்தாள்.

"எந்த வரி?"

"அன்னைக்கு அதை நான்தானே…"

குயிரினோ கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். "அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லையே, நெரினா."

அவள் சர்க்கரை கலக்கிய குச்சியை விளிம்பில் துடைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அதே மேசையில் இன்னும் ஆறு படத்துக்கு உட்கார்ந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் குயிரினோ எங்கேயாவது போவதென்றால் அவளைத்தான் கூப்பிடுவார். தொண்டை மருந்தை எந்த நேரத்தில் நீட்டவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். இதை அவர் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படி நினைக்கத் தெரியும்.

படங்கள் என்ன ஆயின? மூன்றாவது வரைக்கும் சகித்துக்கொள்ளலாம். நான்கில் பேசும் குட்டி மிருகம் ஒன்றைச் சேர்த்தார்கள், பொம்மைக் கடையில் விற்க. ஐந்தில் டோரனுக்கு இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு மகன். ஆறில் இதுவரை டோரனுக்கே தெரியாத ஓர் இரட்டைச் சகோதரன். ஏழில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதாகச் சொல்லிப் பழைய கதையையே இருட்டில் எடுத்தார்கள். எட்டில் விண்கப்பலில் ஒரு கல்யாணம், பாட்டோடு. ஒன்பதில் காலத்தில் பின்னால் போய் முதல் மூன்று படங்களும் நடக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முதல் படம் ஏழு மாதம் ஓடிய அதே தியேட்டரில் ஒன்பதாவது, இரண்டாம் வியாழக்கிழமை காலி. அதைத் தூக்கிவிட்டு ஒரு நாய்க்குட்டிப் படத்தைப் போட்டார்கள். கடைசிக் காட்சியில் ஐந்து பேர் இருந்தார்கள் என்று டிக்கெட் கிழிக்கிறவர் சொன்னார். இரண்டு பேர் தூங்கினார்கள், இரண்டு பேர் திரையைப் பார்க்க வரவில்லை, ஐந்தாவது ஆள் லோரிஸ்.

லோரிஸ் பொலோன்யா நகரத்துக்காரன், படம் பார்க்கவே ரோமுக்கு ரயிலேறி வருகிறவன். ஓடுகளும் குளியலறைத் தொட்டிகளும் விற்கும் கடையில் வேலை. 'வளையச் சங்கம்' என்ற ரசிகர் மன்றத்தின் தலைவன். நாற்பத்தைந்து வயதில் சாம்பல் நிற டோரன் கழுத்துத் துண்டைப் போட்டுக்கொண்டு அலைகிறவன். ஒவ்வொரு படமும் குப்பை என்று இணையத்தில் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதுவான். அதை எழுதுவதற்காக ஒவ்வொன்றையும் நான்கு முறை பார்ப்பான். ஒன்பதாவது வந்த வாரம் குயிரினோவுக்குப் போன் செய்து ஏறக்குறைய அழுதான்.

"கொன்னுட்டானுங்க, மேஸ்ட்ரோ! என் சின்ன வயசையே கொன்னுட்டானுங்க!"

"எத்தனை தடவை பாத்தே?"

"நாலு."

"ஒரு தடவையிலேயே செத்துப்போச்சுன்னா, மிச்சம் மூணு தடவை பொணத்தையா பாத்தே?"

"நீங்க பேசற அந்த ஒரு குரலுக்காகத்தான், மேஸ்ட்ரோ. அது மட்டும் இல்லேன்னா நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்."

குயிரினோ போனை வைத்துவிட்டு, "அரைக் கிறுக்கு" என்றார். ஆனால் அன்று மாலை கண்ணாடி முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, வசனத்தைத் தனக்குத் தானே இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வேறு பட வாய்ப்பு வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. டோரனும் போய்விட்டால், மீன்கடை வரிசையில் நிற்கப்போவது பெயர் தெரியாத ஒரு குள்ளக் கிழவன். எல்லாரையும் இளப்பமாகப் பார்க்கிறவருக்கு அந்த நினைப்புதான் தாங்கமுடியாத பயமாக இருந்தது.

பத்தாவது அறிவிப்பு வந்தது. இதுவும் படுத்தால் இழுத்து மூடிவிடுவார்கள் என்று பேச்சு. தயாரிப்பாளர்கள் பதறிப்போய், அறுபத்தெட்டு வயது கிரேடனையே ஊர் ஊராக அனுப்பினார்கள். மே மாதம் பொலோன்யாவில் ரசிகர் கூட்டம். இரண்டாயிரம் நாற்காலி போட்டிருந்தார்கள். அறுநூறு பேர் வந்தார்கள். முதல் வரிசையில் குயிரினோ, பக்கத்தில் மருந்துப் பையோடு நெரினா.

கிரேடன் மேடையேறினார். இழுத்துத் தைத்த முகம், இன்னும் அழகான தோள். மைக்கைப் பிடித்து "வணக்கம், பொலோன்யா" என்றார். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. குரல் கீச்சென்று, மூக்கிலிருந்து, பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி வந்தது.

"அவரோட சொந்தக் குரல்ல பேசச் சொல்லுங்கம்மா!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"இதுதாங்க அவரோட குரல்" என்றாள் மொழிபெயர்ப்புப் பெண்.

"விளையாடாதீங்க!"

லோரிஸ் எழுந்தான். கழுத்துத் துண்டு நெஞ்சில் பளபளக்க, "கேப்டன், எங்களுக்காக அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லுங்க" என்றான்.

பெண் மொழிபெயர்த்தாள். கிரேடன் புருவத்தைச் சுருக்கினார். எந்த வசனம் என்று கேட்டார். எந்த இடம் என்று கேட்டார். கடைசியில் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. ஆனாலும் நேர்மையாக மொழிபெயர்த்தாள்:

"அந்த இடத்துல அவரு எதுவும் பேசலையாம். புகை தொண்டைக்குள்ள போயிடுச்சாம். இருமினாராம்."

அறுநூறு பேரும் ஊளையிட்டார்கள். "மறந்துட்டான்!" "கிழவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை!" "டாலருக்கு வந்தவன், இறங்குடா!" முப்பத்திரண்டு வருடம் தாங்கள் கும்பிட்டது ஓர் இருமலை என்று ஒத்துக்கொள்வதைவிட, இருமியவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்வது அவர்களுக்கு எளிதாக இருந்தது. யாரோ ஒரு காகிதக் கோப்பையைக்கூட எறிந்தார்கள்.

மானமுள்ள ஒரு மனிதன் அந்த இடத்தில் எழுந்து, "அவர் சொல்வது உண்மை, அதை நாங்கள் ரோமில் ஒட்டினோம்" என்று சொல்லியிருப்பான். குயிரினோவும் எழுந்தார். மேடையேறினார். மைக்கை வாங்கினார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு மூச்சு விட்டு, சொன்னார்:

"பயந்துக்கிட்டே வா."

கூரை பறந்துவிடும் போல இருந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று அழுதார்கள். அன்று நாடகத்தில் உருவத்தைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தின் மேல் ஐம்பது வருடம் கழித்துக் குயிரினோ பழி தீர்த்துக்கொண்டார். கிரேடன் ஓரமாக நின்று, படித்த பிள்ளை மாதிரி கைதட்டினார். பிறகு அந்தப் பெண்ணிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்புகிற ரயிலில் குயிரினோவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா அவன் மூஞ்சிய? முப்பத்திரண்டு வருஷமா என் குரல்ல சோறு தின்னவன்!"

நெரினா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மனுஷன் ஒரு சீட்டை எழுதி வாங்கிப் பையில வச்சான். பாத்தியா?"

"ஓட்டல் விலாசமா இருக்கும். எனக்கென்ன?"

"ம்" என்றாள் நெரினா. மருந்தை எடுத்து நீட்டினாள்.

மூன்று வாரம் கழித்து மிலானிலிருந்து, விநியோகக் கம்பெனியின் சின்னப் பையன் ஒருத்தன் கூப்பிட்டான். தேன் சொட்டப் பேசினான். கிரேடன் தன் ஒப்பந்தத்தில் உள்ள உரிமையைப் பயன்படுத்தி இத்தாலியக் குரலை மாற்றச் சொல்லியிருக்கிறார். தங்களுக்கும் இளைஞர்களை இழுக்க வேண்டிய கட்டாயம். பத்தாவது டோரன், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ஜெயித்த மைக்கோல். வயது இருபத்தாறு. மேஸ்ட்ரோ தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குயிரினோ இரண்டு நாள் மீன்கடைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் லோரிஸ் அழைத்தான்.

"மேஸ்ட்ரோ, சங்கம் கொதிச்சுக் கிடக்கு. 'குயிரினோ இல்லேன்னா டிக்கெட் இல்லை.' பதினோராயிரம் கையெழுத்து! நான் செத்தாலும் அந்தத் தியேட்டர் படியில கால் வைக்கமாட்டேன். எங்கம்மா மேல சத்தியம்."

"உண்மையாவா?"

"பின்ன? நீங்கதான் டோரன். அந்த அமெரிக்காக்காரன் யாரு?"

வாழ்நாளெல்லாம் ரசிகனை மயிருக்குச் சமமாக நினைத்த மனிதர், தன் முறை வந்தபோது அவன் சத்தியத்தை நம்பினார். கோடை முழுக்க அந்த நம்பிக்கையில் ஓடியது. மீன்கடையில் இவரே பேச்சை ஆரம்பித்தார். "அக்டோபர்ல பாருங்க. தியேட்டர்ல ஈ ஓட்டப்போறானுங்க. அப்புறம் மிலான்ல இருந்து ஓடி வருவானுங்க, காலைப் பிடிக்க." மீன்கடைக்காரர், "நிச்சயமா, மேஸ்ட்ரோ" என்றார். கணவாய் சரியான எடைக்கு விழுந்தது.

அக்டோபர் மாதம், முதல் நாள், மதியக் காட்சி. "சுடுகாடு மாதிரி கிடக்கும். வா, பாத்துட்டு வரலாம்" என்று நெரினாவைக் கூட்டிக்கொண்டு பிராத்திக்குப் போனார். நானூறு பேர் உட்காரும் கொட்டகையில் எழுபது பேர் இருந்தார்கள். குயிரினோவின் முகம் மலர்ந்தது. பிறகு பார்த்தார்: அந்த எழுபதில் அறுபது கழுத்தில் சாம்பல் நிறத் துண்டு. மூன்றாவது வரிசையில், மடியில் ஒரு வாளி சோளப்பொரியோடு, லோரிஸ்.

"நீயாடா?"

லோரிஸ் பொரியைக் கீழே வைக்காமலே எழுந்தான். "மேஸ்ட்ரோ! நீங்களும் வந்துட்டீங்களா! சங்கமே ரயிலேறி வந்திருக்கோம்."

"கால் வைக்கமாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணினியே!"

"பாக்காம எப்படி மேஸ்ட்ரோ திட்டறது?" என்றான் லோரிஸ், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

விளக்கு அணைந்தது. டோரன் வாயைத் திறந்தார். காற்றுப்போன சோடா மாதிரி மைக்கோலின் குரல் வந்தது. கொட்டகை முணுமுணுத்தது, ஒருத்தன் சீட்டியடித்தான். குயிரினோ நெரினாவின் கையைத் தட்டினார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பதினோராவது நிமிடத்தில் முணுமுணுப்பு நின்றது, பொரி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. பதினோராயிரம் கையெழுத்துக்குப் பதினோரு நிமிட ஆயுள். அதன் பிறகு டோரனின் வாயிலிருந்து வேறு எவனோ பேசுவது அந்தக் கொட்டகையில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் வலித்தது.

கடைசியில் கப்பல் எரிந்தது. வேறு என்ன எரியும்? ஒரு சின்னப் பெண் கதவோரம் நடுங்கினாள். டோரன் அவளைப் பார்த்தார். ஆனால் இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை. முகம் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. உதடுகள் மட்டுமே ஒரு வீட்டுக் கதவு அகலம் இருந்தன. அவை நிதானமாக, ஒவ்வோர் அசைவும் தெரியும்படி அசைந்தன.

"பயந்துக்கிட்டே வா."

வாயும் சொல்லும் அச்சாகப் பொருந்தின. நெரினாவின் கட்டைவிரல், கையில் இல்லாத கடிகாரத்தை அமுக்கியது.

"திருடன்!" குயிரினோ எழுந்து நின்றுவிட்டார். "திருட்டுப் பய! அது என் வசனம்!"

"ஷ்ஷ்!"

"உட்காரு, தாத்தா! மறைக்குது!"

வெளிக்கூடத்தில் சுவரொட்டியின் கீழே சங்கம் கூடி நின்று படத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. குப்பை, அவமானம், பத்திலேயே மோசம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதவேண்டும். குயிரினோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் லோரிஸின் துண்டைப் பிடித்தார்.

"கேட்டியா? என் வசனத்தை எடுத்துட்டான்!"

லோரிஸ் சங்கடமாகச் சிரித்தான். "மேஸ்ட்ரோ, நீங்க அந்தப் பேட்டியைப் பாக்கலையா? கிரேடனே விளக்கமா சொல்லியிருக்காரு. முதல் படத்துலேயே அவரு அதைப் பேசினாராம். எடிட்டிங்ல வெட்டிட்டாங்களாம். அந்த வரி அவரோட அப்பா சாகறப்ப கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னதாம். பாத்துட்டு நான் அழுதுட்டேன்."

"அப்பாவா? பொய்! அவன் இருமினான்! பொலோன்யாவுல உன் முன்னாலதானே சொன்னான்!"

"அன்னைக்கு அவருக்கு ஞாபகம் வரலை. நாமதானே கத்தினோம், மறந்துட்டான்னு." லோரிஸ் குயிரினோவின் கையை மெதுவாகத் துண்டிலிருந்து விடுவித்தான். "பாவம், வயசாயிடுச்சு. அப்புறம் ஞாபகம் வந்திருக்கு. உங்க குரலுக்கு இருக்கற மதிப்பு என்னைக்கும் இருக்கு, மேஸ்ட்ரோ. ஆனா வசனம்னு வந்தா… நீங்க குரல் கொடுத்தவர்தானே?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் இருந்த இரக்கத்தைக் குயிரினோவால் பொறுக்க முடியவில்லை. தேடினார். நெரினா கண்ணாடிக் கதவருகே நின்று மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டத்தின் நடுவுக்கு இழுத்து வந்தார்.

"இவளைக் கேளுங்கடா! அன்னைக்கு அந்த அறையில இருந்தவங்கள்ல இன்னும் உசுரோட இருக்கறது நாங்க ரெண்டு பேர்தான். இவ மூலையில உக்காந்திருந்தா. எல்லாம் தெரியும் இவளுக்கு. நெரினா, சொல்லு. அது ரோம்ல, நம்ம ஸ்டுடியோவுல பிறந்த வசனம்தானே? அதைக் கண்டுபிடிச்சது யாரு? நீயே சொல்லு!"

அறுபது பேரும் அந்தச் சின்ன உருவத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் யாராவது அவளை ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் முறை. நெரினா அவசரப்படவில்லை. குயிரினோவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலிருந்து இன்னும் ஒரு சொல் வருமா என்று. வரவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லையே, குயிரினோ" என்றாள்.

தொண்டை மருந்துப் பையை அவர் கையில் வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், எதிர்ப்புறம் வந்து நின்ற பேருந்தில் ஏறினாள்.

லோரிஸ் செல்போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தான்.

"விடுங்க, மேஸ்ட்ரோ. மனசுல வச்சுக்காதீங்க. எங்களுக்காக ஒரு தடவை சொல்லுங்க, பதிவு பண்ணிக்கறேன். கிரேடன் சொன்ன மாதிரியே."